பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ

வெண்மதி எழுதிய மேக்ரோ மொத்தம் நாற்பத்து மூன்று வரி. அதில் நாற்பத்திரண்டு வரி ஒழுங்காகத்தான் இருந்தது. இதை அவள் பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்டவர்களுக்கும் அதில் ஆறுதல் கிடைக்கவில்லை, சொன்னவளுக்கும் கிடைக்கவில்லை.

கடலூர் முதுநகரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு மாடியில் அவள் ஆபீஸ். ஊர் ஊராகப் போய் கிட்னி பரிசோதனை முகாம் நடத்துகிற அறக்கட்டளை அது. முகாமில் எடுக்கிற ரத்தம் ஐஸ் பெட்டியில் சிதம்பரத்து லேபுக்குப் போகும். முகாமில் பெயர் பதிந்த எக்செல் ஷீட்டிலேயே முடிவுகளைப் போட்டு லேபில் திருப்பி அனுப்புவார்கள். ஆளுக்கு ஒரு எண், கிரியேட்டினின் என்று பெயர். அது ஒன்றை ஒட்டி இருந்தால் கிட்னி நல்லபடி வேலை பார்க்கிறது, ஏற ஏறக் கெட்டுக்கொண்டிருக்கிறது. நன்றாக இருப்பவர்களுக்கு ‘உங்கள் சிறுநீரகம் நலம்’ என்று எண்ணையும் போட்டு மெசேஜ் போகும். கூடுதலாக இருந்தால் ‘மறுபரிசோதனைக்கு உடனே வரவும்’ என்று போகும். ஆயிரத்துச் சொச்சம் பேருக்குக் கையால் பார்த்து அனுப்புவது நடக்கிற காரியமா? அதனால் வெண்மதி மூன்று வாரம் யூடியூபைப் பார்த்துப் பார்த்து, ஒரு மேக்ரோவை எழுதினாள். பட்டனைத் தட்டினால் அது ஷீட்டில் ஒவ்வொரு வரியாக இறங்கி, எண்ணை எடுத்து, பார்த்து, இன்னாருக்கு இன்ன மெசேஜ் என்று எழுதிவிடும்.

எழுதிவிடும் என்றுதான் நினைத்தாள். பாழாய்ப்போனது ஷீட்டின் பதினெட்டாவது வரியிலேயே நின்றது. பெட்டி ஒன்று முளைத்து ‘ரன்டைம் எரர் 13’ என்றது. போய்ப் பார்த்தால், முகாமில் பெயர் பதிகிற பிள்ளைகள் ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு தொடங்கும்போது நடுவில் ‘-----’ என்று கோடு போட்டிருந்தார்கள். நோட்டில் எழுதிப் பழகிய கை, ஷீட்டிலும் கோடு போட்டுவிட்டது. எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருந்தால் கம்ப்யூட்டருக்கு என்ன புரியும்? நின்றுவிட்டது.

அன்றைக்கு சாயங்காலத்துக்குள் மெசேஜ் எல்லாம் போயாக வேண்டும். மேனேஜர் சுப்பிரமணியன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா, இன்னும் ஓடலியா? கையாலயே அடிச்சிருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும்.”

“தோ ஆச்சு சார்.”

யூடியூபில் ஒரு ஆள் சிரித்த முகமாகச் சொல்லிக்கொடுத்தான்: எரர் தொல்லையா? மேலே இந்த ஒரே ஒரு வரியைப் போட்டுவிடுங்கள். ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்.’ பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். வெண்மதி போட்டாள். பெட்டி வரவில்லை. கோடு போட்ட வரிகளில் போன் நம்பர் கிடையாது, ஆகவே அதற்கு மெசேஜும் போகாது, யாருக்கும் நஷ்டமில்லை. மேக்ரோ கடைசி வரி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது.

“இப்பதாம்மா மெஷின் மாதிரி ஓடுது” என்றார் சுப்பிரமணியன். அன்றைக்கு அவளுக்கு டீயோடு ஒரு சமோசாவும் வந்தது.

அந்த முகாமுக்கு சின்னதம்பி மாமாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனவள் வெண்மதிதான். அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு அவளைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தவர் அவர்தான். சித்திரைப்பேட்டையில் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். வலை இழுத்து இழுத்து இடுப்பு போய்விட்டது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்வார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வலை கனத்தால் நடுவிலும் ஒன்று.

“மாமா, அந்த மாத்திர கிட்னிய தின்னுடும். ஒரு தடவ ரத்தம் குடுத்துப் பாத்துடு.”

“அட போ பாப்பா. சுறா கடிச்சாக்கூடத் தாங்குவேன், ஊசின்னாதான் எனக்கு ஆவாது.”

கடைசியில் அவர் பெண்டாட்டி மங்கம்மா அத்தைதான் வழி செய்தாள். “நான் முன்னாடி நின்னு குத்திக்கிறேன், நீ பாத்துக்கிட்டே பின்னாடி வா. கத்துறனா பாரு.” அப்படியே முன்னால் நின்றாள். ஊசி குத்தும்போது வேண்டுமென்றே மாமாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

நாலு நாளில் இரண்டு பேருக்கும் மெசேஜ் வந்தது. உங்கள் சிறுநீரகம் நலம். அத்தைக்கு 0.8. மாமாவுக்கும் 0.8.

“பாத்தியா, புள்ளி பிசகாம ஒண்ணா வந்துருக்கு. பத்துப் பொருத்தமும் பாத்துக் கட்டுனது சும்மாவா?” என்று மாமா தெருவெல்லாம் போனைக் காட்டிக்கொண்டு திரிந்தார். வெண்மதியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கிட்னி நன்றாக இருக்கிறது என்று கவர்மெண்டு முத்திரை குத்தினது போல ஆகிவிட்டதால், மாமா மாத்திரையைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட ஆரம்பித்தார்.

ஏழு மாதம் கழித்து மாமாவின் முகம் ஊதிப்போனது. கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. வாந்தி நிற்காமல் சிதம்பரத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எண் ஒன்பதரை. அன்றைக்கே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள்.

“வலி மாத்திரை இவ்வளவு சாப்பிட்டிருக்கார், ஒரு தடவகூடவா டெஸ்ட் பண்ணல?” என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாமாவின் போனை எடுத்து, அந்த மெசேஜைத் தேடிக் காட்டினாள். “பண்ணோம் சார். நல்லாக்கீதுன்னு வந்துச்சு. இவ ஆபீசுலதான் பண்ணாங்க.”

டாக்டர் தேதியைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். “இது இவரோடதா இருக்காதும்மா. ஸ்கேன்ல கிட்னி சுருங்கிக் கெடக்குது. இது வருஷக்கணக்குல ஆனது. ஏழு மாசம் முன்னாடி புள்ளி எட்டு இருந்திருக்க வாய்ப்பே இல்ல.”

லேப்தான் தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று வெண்மதிக்கு மனசு அடித்துக்கொண்டது. லேப் தப்பாக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே ஆட்டோ பிடித்து, லேப் இருக்கிற கீழ வீதிக்குப் போனாள்.

லேபில் இருந்த பிரிசில்லா அக்கா பொறுமையான மனுஷி. பழைய ரெஜிஸ்டரை எடுத்துத் தேதியைத் தேடி, விரலை வைத்துக் காட்டினாள். மங்கம்மா, 0.8. அதற்கடுத்து சின்னதம்பி, 2.9. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

“இது என்னக்கா ஸ்டாரு?”

“ஒன்றரைக்கு மேல போனா நான் ஒரு ஸ்டார் வச்சிருவேன்மா. அவ்ளோ பேர்ல ஒருத்தர் ரெண்டு பேரு கண்ணுல படாமப் போயிடக் கூடாதில்ல? உங்களுக்கு அனுப்புன ஷீட்டுலயும் வச்சுத்தான் அனுப்புனேன்.”

வெண்மதி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். 2.9 என்றால் எண். 2.9-க்குப் பக்கத்தில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு அது எண் இல்லை, எழுத்து. அந்தக் கோடு போலத்தான். பிழை.

கடலூருக்கு வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு மேக்ரோவை ஓட விட்டாள். கோடு வரிகளில் நின்றது; அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுவிட்டு மறுபடி ஓட விட்டாள். இருநூற்று ஆறாவது வரியில் பெட்டி வந்தது. ரன்டைம் எரர் 13. சின்னதம்பி, சித்திரைப்பேட்டை.

ஏழு மாதத்துக்கு முன்னால் இதே பெட்டி வந்து கத்தியிருக்க வேண்டியது. கத்தாதே என்று இவள்தான் வாயைப் பொத்தினாள். பொத்தினதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமாவின் எண்ணை எடுக்க முடியாத மேக்ரோ, கையில் ஏற்கெனவே வைத்திருந்த முந்தின ஆளின் எண்ணையே மாமாவின் பெயருக்கு எழுதிவிட்டு, நலம் என்று மெசேஜையும் அனுப்பிவிட்டு, அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. ஒன்றே கால், ஒன்றரை என்று லேசாக ஏறியவர்களுக்கெல்லாம் சரியாக ‘உடனே வரவும்’ போயிருக்கிறது. ரொம்பக் கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் தேடித் தேடி நலம் என்று போயிருக்கிறது. அடப்பாவி, அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு எண்ணினாள். மொத்தம் பதினேழு நட்சத்திரம்.

சுப்பிரமணியன் எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ரிப்போர்ட் போயி ஏழு மாசம் ஆவுது. இப்ப போயி தப்பாயிடுச்சுன்னா இனிமே ஒரு ஊர்லயும் முகாம் போட உடமாட்டாங்க. அடுத்த முகாமுக்கு நானே எல்லாரையும் கூப்புடச் சொல்றேன். நீ சும்மா இரும்மா.”

“அடுத்த முகாம் எப்ப சார்?”

“ஜனவரில பாக்கலாம்.”

அவள் சும்மா இருக்கவில்லை. லிஸ்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, டீக்கடை ஓரமாக நின்று ஒவ்வொரு நம்பராகப் போட்டாள். மூன்று நம்பர் உபயோகத்தில் இல்லை. மாமாவோடு சேர்த்து ஐந்து பேர் ஏற்கெனவே டயாலிசிஸில் இருந்தார்கள். மற்ற நாலு பேர் வீட்டில் வைத வசவை எல்லாம் வாங்கிக்கொண்டாள். காட்டுமன்னார்கோயிலில் ஒரு அம்மா, “அவுரு போயி நாப்பது நாள் ஆவுதே, யாரும்மா நீ?” என்று கேட்டாள். இன்னொரு வீட்டிலும் அதேதான். மிச்ச ஏழு பேரில் ஆறு பேர் நம்பவே இல்லை. “எங்களுக்கு நல்லாக்கீதுன்னு வந்துடுச்சு, போனை வையி” என்றார்கள். அந்த மெசேஜை அனுப்பினவளே பேசுகிறேன் என்றால் மட்டும் நம்பிவிடுவார்களா? முதுநகரில் தில்லையம்மாள் என்கிற கிழவி ஒருத்திதான் மறுநாளே வந்து ரத்தம் கொடுத்தாள். பதினேழுக்கு ஒன்று.

மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பத்து நாள் இருந்து பார்த்தாள். சோறு இறங்கவில்லை. அதற்குள் அத்தை தன் கிட்னியில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் மல்லுக்கு நின்று, அவர்களும் எல்லா டெஸ்ட்டும் எடுத்து, அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன் கிட்னி நல்ல கிட்னி என்று, தனக்கு வந்த அந்தப் பழைய மெசேஜைத்தான் அத்தை அவர்களிடமும் நீட்டினாளாம்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நாள். காலை பதினோரு மணி. மாமா மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். சோதனைக்கு ரத்தம் எடுக்கக் கையில் ஊசி குத்தியிருந்தார்கள். இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை. அத்தை காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். வெண்மதி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கோடு, நட்சத்திரம், அந்த ஒரு வரி, எதையும் விடவில்லை.

மாமா ரத்தம் போகிற குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்பவே தெரிஞ்சிருந்தா?”

“மாத்திரைய நிறுத்தியிருப்ப மாமா. இந்த மெஷினுக்கு வராம பல வருசம் தள்ளியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.”

“ம்.” திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. “உன் ஆபீசுலேர்ந்து வந்துதேன்னுதான் பாப்பா நம்புனேன். வேற எவனாவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்” என்றார். அவ்வளவுதான். பிறகு, “அப்ப அந்த புள்ளி எட்டு யாரோடது?” என்று கேட்டார்.

“அத்தையோடது மாமா. வரிசையில உனக்கு முன்னாடி அத்ததான நின்னுச்சு. அதான் அது நம்பரு உனக்கு வந்துடுச்சு.”

அத்தையின் கை நின்றது.

“நான் முன்னாடி நின்னதாலயா?”

“இல்லத்த, நீ இல்லன்னாலும் வேற யாராவது நின்னிருப்பாங்க. அவுங்க நம்பரு வந்திருக்கும். தப்பு என்னுது. நான் எழுதுனதுல.”

“அவுரு பயப்படறாருன்னு நான்தான போயி முன்னாடி நின்னேன்.”

“அதனால ஒண்ணுமில்லத்த. யாரு நின்னாலும் இதேதான் ஆயிருக்கும். சொல்றத கேளு.”

“என் நல்ல நம்பரு போயி அவுரு நம்பர மறைச்சிடுச்சு” என்றாள் அத்தை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. யாரோ விளக்கிய கணக்கைப் புரிந்துகொண்ட மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினாள். “ஏய், சும்மா கெடடி” என்று மாமா அதட்டிப் பார்த்தார். அவர் குரலுக்கே இப்போது பலமில்லை.

வெண்மதி அன்றைக்கு ஒரு பேப்பரில் கட்டம் போட்டு, பெயர் எழுதி, அம்புக்குறி போட்டுக்கூட விளக்கினாள். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். அந்த வேலையை விட்டுவிட்டாள் என்பதையும் சொன்னாள். அத்தை எல்லாவற்றுக்கும் சரி சரி என்பாள்.

வாரம் இரண்டு நாள் காலை பஸ்ஸில் மூன்று பேரும் சிதம்பரம் போகிறார்கள். சீட்டு போடுகிற இடத்தில், ரத்தம் எடுக்கிற இடத்தில், மாத்திரை கொடுக்கிற ஜன்னலில், எங்கே பார்த்தாலும் வரிசை. மாமாவால் நிற்க முடியாது, கால் நடுங்கும். நீ முன்னாடி போய் நில்லு அத்த, நான் மாமாவை உட்கார வைக்கிறேன் என்று வெண்மதி எவ்வளவு சொன்னாலும் அத்தை கேட்பதில்லை. மாமாவை முன்னால் விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.