பின்முற்றத்துக்கு ஒரு மரம் தேவை

எங்கள் வீட்டுப் பின்முற்றம் ஒன்பதடிக்குப் பதினோரடி. அதில் ஒரு துவைக்கிற கல், அக்காவின் தையல் மெஷின், பிறகு நான். நான் அங்கே நிற்பது குடை பிடிக்க.

காலையெல்லாம் வீடு வீடாகப் போய் அளவெடுத்து வரும் அக்கா, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை தைப்பாள். உள்ளே உட்கார்ந்தால் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகத் தெரியும். தகரக் கூரை போட்டால் அடுப்பின்மேல் உட்கார்ந்து தைத்த மாதிரி. ஆகவே கல்லூரிக்கு விடுமுறை விட்ட நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் நிழல் தரும் ஒரே உயிரினம் நான்தான்.

மரம் வைக்கலாம் என்று நான்தான் மனு கொடுத்தேன். அப்பா உடனே நோட்டை எடுத்தார். நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்; அளக்க ஏதாவது கிடைத்தால் பத்து வயது குறைந்துவிடும்.

"உயரம் அதிகம் கூடாது. வருஷம் பூரா பச்சையா இருக்கணும். அக்கம்பக்கத்துல வம்பு பண்ணக் கூடாது."

"மரமாப்பா, மாப்பிள்ளையா?" என்றாள் அக்கா.

மூவரும் நர்சரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம். நர்சரிக்காரம்மா பொறுமைசாலி. அப்பா எலுமிச்சையைக் காட்டினார். "முள்ளு இருக்கு, பாப்பா தைக்கிற துணியைக் கிழிச்சிடும்." கொய்யாவைக் காட்டினார். "பழம் விழுந்து கறையாகும்." ஒரு தொட்டியில் பளபளவென்று நின்ற அத்தி வகையைக் காட்டினார். "அதோட வேர் நேரா உங்க குழாயைத் தேடிப் போகும் சார்."

கடைசியில் அந்தம்மாவே ஒரு மகிழங்கன்றைத் தூக்கி வைத்தார். "எப்பவும் பச்சை. ஒரேயடியா கொட்டாது, தினம் நாலு இலை விழும். அப்பப்ப வெட்டி விட்டா பத்தடிக்கு மேல போகாது."

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகப் பேச்சு. அதற்குள் குழி தோண்ட இடம் பார்க்க வேண்டும். அப்பா மூன்று நாள் என்னை முற்றத்தின் நாலு மூலையிலும் விரித்த குடையோடு நிறுத்தி, நிழல் விழுந்த இடத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்தார். கிழக்கு மூலையில் நின்றபோது மெஷின் அப்படியே நிழலுக்குள் அடங்கியது. அங்கேயே இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டினேன். என் விடுதலையை நானே தோண்டுவதாக நினைப்பு.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நர்சரிக்காரம்மா வந்தார். என் இடுப்பளவு கன்றைக் குழியோரம் வைத்தார். அதன் நிழல் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதில்மேல் ஏறியது.

"ஏன் சார், மரம் பக்கத்து வீட்டுக்கா?"

அப்பா சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "காலைல ஏழு மணிக்குச் சரியா விழுந்துச்சே!"

"நான் மதியம்தானேப்பா தைக்கிறேன்?"

"வெயில் ஏறினப்புறம் எவன்மா அளப்பான்? முப்பது வருஷமா பத்து மணிக்குள்ள வேலைய முடிச்சே பழக்கம்."

அக்கா சிரித்த சிரிப்பில் ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தினம் மேற்குப் பக்கம் நின்னுதானே குடை பிடிக்கிற? உனக்குமாடா தெரியல?"

"மரத்துக்கிட்ட யாரும் கருத்து கேக்கலையே."

பரிசாக இரண்டாவது குழியும் எனக்கே கிடைத்தது. மேற்கே கன்றை நட்டு, பக்கத்தில் ஒரு நீளக் கழியை ஊன்றிக் கட்டினோம்.

"நிழல் எப்பம்மா வரும்?" என்று கேட்டேன்.

"மகிழம் கொஞ்சம் நிதானம் தம்பி. நாலு வருஷம் ஆகட்டும்."

என் படிப்பே இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். ஒரு கணம் யோசித்தேன். குடையை எடுத்துக் கழியின் உச்சியில் கயிறு போட்டுக் கட்டினேன். மெஷின்மேல் நிழல் விழுந்தது. கையை உதறிக்கொண்டு நகர்ந்தேன். சுமார் பதினோரு நொடி நான் சுதந்திர மனிதன்.

"ஐயையோ, கன்னுக்கு வெயில் வேணும்பா!" என்று நர்சரிக்காரம்மா குடையை அவிழ்த்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது கன்றுக்கும் மெஷினுக்கும் நடுவில் நிற்கிறேன். மெஷினுக்கு நிழல் விழ வேண்டும், கன்றுக்கு விழக் கூடாது. அப்பா எனக்காகத் தரையில் புதிதாகக் கோடு போட்டிருக்கிறார். இந்த முறை மதியம் மூன்று மணிக்கு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

நேற்று கன்று ஒரு இலை விட்டது. நகத்தளவு, செம்பு நிறம். "அக்கா, நிழல் வருது பாரு!" என்று கத்தினேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குடா," என்றாள். "குடையை நேராப் பிடி."