உடன் ஒருவர் வரலாம்

ஆபீசிலிருந்து மூன்றாவது கடிதம் வந்தபோது அவள் ஒரு பாலத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பாலம் ஆற்றின் மேல் ஒழுங்காகத்தான் கிடந்தது. வரைபடத்தில் மட்டும் யாரோ ஒரு அவசரக்காரர் அதைப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, தண்ணீரே இல்லாத இடத்தில் கட்டி வைத்திருந்தார். வண்டியோட்டிகள் செல்போனில் பார்த்துப் பார்த்து ஓட்டும் சாலைப் படங்களில் மற்றவர்கள் செய்த தவறுகளைத் தேடித் திருத்துவதுதான் அவள் வேலை. ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் யாருக்காவது சந்தேகம் வந்தால் கடைசியில் பூதக்கண்ணாடியிடம்தான் வந்து நின்றார்கள்.

கடிதம் நான்கே வரி. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடு முடிவுக்கு வந்துவிட்டது. அவள் அனுப்பிய மருத்துவச் சான்று பற்றிப் பேச, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒன்பதாவது மாடிக்கு நேரில் வர வேண்டும். விரும்பினால் உடன் ஒருவரை அழைத்து வரலாம். வரத் தவறினால், தாமாகவே வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஆபீசுக்கு வர முடியாது என்று சொல்வதற்கு ஆபீசுக்கு வர வேண்டும். பாலத்தை ஆற்றின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அவள் ஆபீசுக்குப் போக முடியாமல் போனது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் குழுத் தலைவர் ஒரு கூட்டம் நடத்துவார். அந்த வாரத்துத் தவறுகளைப் பெரிய திரையில் போட்டு, செய்தவர் பெயரையும் பக்கத்திலேயே போட்டு, அறுபது பேருக்கு முன்னால் எழுந்து நிற்கச் சொல்வார். "வெக்கம் வந்தாதான் வேலை வரும்" என்பது அவர் கட்சி. அவள் பெயர் அதிகம் வந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எழுந்து நின்றவளுக்குக் காது அடைத்தது; யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்ததுபோல மூச்சு நின்று நின்று வந்தது. செத்துப்போகப் போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எப்படியோ நடந்து கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நாற்பது நிமிடம் கழித்துக் காவலாளி கதவை உடைத்து அவளை வெளியே கொண்டுவந்தபோது, மாடி முழுக்க எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ கை தட்டினார்கள். தைரியம் சொல்லத்தான் தட்டியிருக்க வேண்டும் என்று அவள் தனக்குத் தானே பல நாள் சொல்லிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மனநல மருத்துவர், மாத்திரை, பயிற்சி. முதல் மாதம் தெருமுனை வரை போனாள். நான்காவது மாதம் பஸ்ஸில் ஒரு நிறுத்தம். வேலை வீட்டிலிருந்தே நடந்தது. குழுவிலேயே தப்பு குறைவாகச் செய்தவள் அவள்தான் என்று ஆபீசே இரண்டு முறை பாராட்டி எழுதியது. இப்போது புதிய நிர்வாகம் வந்துவிட்டது. எல்லாரும் வர வேண்டும். எல்லாரும் என்றால் எல்லாரும்.

அவள் கணவன் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். தங்கமான மனுஷன், ஆனால் ஹோட்டலில் காபி ஆறிப்போயிருந்தால்கூடச் சொல்ல வாய் வராது. கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"அக்காவக் கூட்டிட்டுப் போறியா?"

"உங்க அக்காவா? அதுக்கு நான் வேலைய விட்டுட்டே போயிடுவேன்."

அவன் அக்கா மாடி வீட்டில் இருந்தாள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மூன்று முறை தூக்கியடித்தார்கள். மூன்று முறையும் மனு மேல் மனு போட்டுப் பழைய டிப்போவுக்கே திரும்பி வந்தாள். தம்பி மனைவியின் வியாதியை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. மாடிப்படியில் நின்று, கீழே கேட்க வேண்டும் என்றே பேசுவாள். "நூத்திரண்டு டிகிரி காய்ச்சல்ல ஸ்டியரிங் புடிச்சவ நான். இங்க சிலபேருக்கு நாற்காலியப் பாத்தாலே நெஞ்சு படபடங்குது."

ஆனால் வியாழக்கிழமை விடுமுறை அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

"வரேன்" என்றாள் நாத்தனார். "தம்பி கேட்டான்னு வரேன். உனக்காக இல்ல. அந்த லெட்டரக் குடு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'தாமாகவே' என்ற சொல்லில் விரல் நின்றது. "எத்தன வருஷமானாலும் இந்த வார்த்தைய விடமாட்டானுங்க."

வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மருத்துவர் சொன்னபடி மூச்சை எண்ணி எண்ணி விட்டாள். நாத்தனார் ஓட்டுகிறவனின் கியரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். கட்டடத்துக்குள் நுழைந்ததும் இவள் லிப்ட்டைப் பார்த்தாள். கதவு திறந்து, ஆட்களை விழுங்கி, மூடியது.

"அக்கா, நான் படியில வரேன். நீங்க இதுல போங்க."

"ஒம்போது மாடி."

"தெரியும்."

நாத்தனாருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் படி ஏறினாள். நாலாவது மாடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். கட்டினவனை, கட்டச் சொன்னவனை, தம்பியை, தம்பி கட்டிக்கொண்டவளை. ஆறாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நடிக்கிறதுன்னா லிப்ட்டுல போயே நடிக்கலாமேடி. ஒம்போது மாடி ஏறி எவளாவது நடிப்பாளா?" என்று யாரையோ கேட்பதுபோலச் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

கூட்டத்துக்கு ஒதுக்கியிருந்தது மாடிக்கு நடுவில் இருந்த கண்ணாடி அறை. சுற்றிலும் அறுபது மேசை. யாரும் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்காக எல்லாரும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே குழுத் தலைவரும், ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் அதிகாரியும் இருந்தார்கள். அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு, மெல்லிய குரல். மேசை மேல் டிஷ்யூ பெட்டி ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே நாத்தனார் தன் பையைத் தூக்கி அந்தப் பெட்டியை மறைத்தாற்போல வைத்தாள்.

"உங்க நலன்ல எங்களுக்கு ரொம்ப அக்கறை இருக்கு" என்று அதிகாரி ஆரம்பித்தாள். "ஆனா உங்க டாக்டர் 'வீட்டிலிருந்து வேலை செய்யப் பரிந்துரைக்கிறேன்'னுதான் எழுதியிருக்கார். 'ஆபீசுக்கு வர முடியாது'ன்னு எழுதல."

"ஆறு மாசம் வீட்டுலேருந்து, அப்பறம் வாரத்துல ஒரு நாள், அப்பறம் ரெண்டு நாள்னு எழுதியிருக்காரே. அந்த ரெண்டாம் பக்கம்…"

"பாத்தோம். பரிந்துரைதான்."

குழுத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு வந்திருக்கீங்க. பஸ்ஸுல வந்திருக்கீங்க, ஒம்போது மாடி ஏறியிருக்கீங்க, எங்க முன்னால உக்காந்து பேசறீங்க. அப்ப வர முடியுது, இல்லையா?"

வராமலிருந்தால் வேலையை விட்டதாக அர்த்தம். வந்தால் வியாதியே இல்லை என்று அர்த்தம். இரண்டு வருடமாக, ஒவ்வொரு நிறுத்தமாக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சேர்த்ததையெல்லாம் எடுத்து அவளுக்கு எதிராகவே வைத்துவிட்டார் இந்த மனிதர். திருப்பிச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. காது அடைத்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு தலை நிமிர்ந்தது, பிறகு இன்னொன்று. மேசை மேல் வைத்திருந்த கையை எடுத்தபோது, மேசைக் கண்ணாடியில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

நாத்தனார் அந்தக் கைத்தடத்தைப் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"கதவத் திறந்து வைங்க."

"இது ரகசியக் கூட்டம்மா" என்றார் குழுத் தலைவர்.

நாத்தனார் எழுந்தாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், கதவை விரியத் திறந்து, நாற்காலியை அதன் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். வெளியிலிருந்து காற்றும், கீபோர்டு சத்தமும் உள்ளே வந்தன. "ரகசியத்த மெதுவாப் பேசுங்க" என்றாள்.

அதிகாரி இதற்கெல்லாம் பழகியவள்போல ஒரு தாளை மேசையில் தள்ளினாள். சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக அச்சடித்திருந்தது. பெயர் மட்டும் நிரப்பினால் போதும். "இப்படிப் போனா நல்லபடியா சான்று குடுப்போம். வேற எங்கயாவது வீட்டுலேருந்தே செய்யற வேலை பாத்துக்கலாம். உங்களுக்கும் நிம்மதி."

"கையெழுத்துப் போடாத" என்றாள் கதவோரத்திலிருந்து நாத்தனார். "டாக்டர் சீட்டப் பாத்தோம், இருந்தாலும் ஒத்துக்கலன்னு இவங்க கைப்பட எழுதிக் குடுக்கட்டும். நாம பாட்டுக்குப் போயிடலாம்."

"அப்படியெல்லாம் எழுதற வழக்கம் இல்ல."

"வாயால சொல்ற வழக்கம் மட்டும் இருக்கா?"

அந்த இடைவெளியில்தான் அவளுக்கு மூச்சு திரும்பியது. முழுசாக இல்லை, பாதி. அவள் தாளைத் திருப்பிப் போட்டாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தேதி எழுதினாள். நேரம் எழுதினாள், பதினொன்று இருபத்தாறு. யார் என்ன சொன்னார் என்று, சொன்ன சொல் மாறாமல், வரி வரியாக எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்தாள். எழுத்து கோணலாக இருந்தது. பிழை ஒன்றுகூட இல்லை.

"நடந்தது இதுதானான்னு படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அதிகாரி படித்தாள். "இந்த இடத்துல 'வேலையை விட்டு விலகச் சொன்னார்'னு இருக்கு. நான் ஒரு வாய்ப்புதான் குடுத்தேன்."

"சரி. 'வாய்ப்புக் கொடுத்தார்'னு மாத்திடறேன். எதுக்கு வாய்ப்புன்னும் எழுதணும் இல்லையா?"

குழுத் தலைவர் எழுந்து நின்றார். "இந்தத் திமிருக்கு மட்டும் வியாதி குறுக்க வரல பாருங்க."

அவள் அதையும் எழுதினாள்.

கையெழுத்து யாரும் போடவில்லை. நாத்தனார் செல்போனில் அந்தத் தாளை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டாள். இறங்கும்போது ஏழாவது மாடியில் இவள் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நாத்தனார் பக்கத்தில் நின்று, பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றி அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை முரட்டுக் கை.

"எனக்கு ஒரு தடவ ஒரு ஆள் வண்டிக்கு முன்னால விழுந்துட்டான்" என்றாள் திடீரென்று. "பொழச்சுட்டான். ஒண்ணும் ஆகல. ஆனா நாலு மாசம் பிரேக் மேல வெச்ச கால் உதறும். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வண்டியப் புடுங்கிடுவாங்கன்னு." பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "எழுந்திரு, நாறுது" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் கணினியைத் திறந்தபோது கடவுச்சொல் வேலை செய்யவில்லை. மறுபடி போட்டாள். அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. பகல் முழுக்கக் கைக்கு வேலை இல்லாமல் கிடந்தாள். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாத்தனார் சொல்லச் சொல்ல, அவள் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதினாள். இருவருக்கும் வரிக்கு வரி சண்டை. "கெஞ்சாத" என்பாள் நாத்தனார். "பொய் சேக்காதீங்க" என்பாள் இவள். 'மிகவும் மன உளைச்சலுக்கு ஆளானேன்' என்ற வாக்கியத்தை நாத்தனார் சேர்க்கச் சொன்னபோது, இவள் அடித்துவிட்டு, 'கழிவறையில் நாற்பது நிமிடம் இருந்தேன்' என்று எழுதினாள். கணவன் இரண்டு பேருக்கும் டீ போட்டு வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனான்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. தொழிலாளர் அலுவலகத்தின் தரைத்தளத்தில் நீளமான ஒரு கூடம். பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் தாள்கள். விடியற்கால ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்திருந்த நாத்தனார், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். இவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு படபடத்தது. படபடக்கட்டும் என்று விட்டாள். இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருப்பதையும் நாளைக்கு யாராவது எடுத்துக் காட்டுவார்கள். அதற்கும் ஒரு பதிலை எழுதி வைத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு ஆள் நிர்வாக அதிகாரி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். குழுத் தலைவர் வரவில்லை. பெரிய கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கண்ணை ஓட்டி உட்கார இடம் தேடினாள். காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். இவளுக்கு வலப்பக்கம், இவள் பை வைத்திருந்த இடம். இரண்டு பேருடைய கண்ணும் சந்தித்தன. அதிகாரி பையைப் பார்த்தாள். இவளும் பார்த்தாள். எடுக்கவில்லை.

அதிகாரி எதிர்ச் சுவரோரமாகப் போய்ச் சாய்ந்து நின்றாள். உள்ளேயிருந்து யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அது இவர்கள் பெயர் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தவளாக, அதிகாரி ஒரு செருப்பை மெல்லக் கழற்றினாள். குதிகாலில் தோல் வழன்று, வட்டமாகச் சிவந்திருந்தது. அந்த வெறும் பாதத்தைக் குளிர்ந்த சிமெண்ட் தரையில் வைத்து, கோப்பை இன்னும் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடினாள்.

இவள் கை பையின் வார் மேல் இருந்தது.