தட்டுக்குக் கீழே ஈரம்

பதியுதீன் முதலாளியின் மூன்றரைத் தொன் மீன்பிடி போட்டுக்கு இருபத்திரண்டு வயது. சுனாமி அதைக் கரையிலிருந்து அள்ளிப் பனைகளுக்கு நடுவே போட்டபோதும் அடி உடையவில்லை. அதன்பின் யுத்தத்தில் கடலுக்குப் போகத் தடை வந்து, வருடக்கணக்கில் வாழைச்சேனைத் துறையில் சும்மா கிடந்தது. யுத்தம் முடிந்து, 2010 மாசியில் திரும்பவும் ஆழ்கடலுக்குப் போனபோதுதான் அதன் நோய் தெரிந்தது.

அலை மேல்தட்டில் விழுந்தால், நான்கு மூலைகளிலும் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வெளியே ஓட வேண்டும். ஓடியது. ஆனால் ஒரு பங்கு கீழே மீன் அறைக்குள்ளும் இறங்கியது. ஐஸ் கரைந்தது, மீன் கெட்டது, இரண்டு பயணம் வீணாகியது. இரண்டு பேர் வந்து ஓட்டைகளைச் சுற்றிப் பசை அப்பிவிட்டுப் போனார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் முதலாளி, செங்கலடியில் ஒரு கராஜில் வான் வண்டிகளின் பம்பர்களுக்கு பைபர் ஒட்டிக்கொண்டிருந்த சுலோஜனாவைத் தேடிப் போனார்.

சுலோஜனாவுக்கு முப்பத்தாறு வயது. சுனாமியில் புருஷனையும் அவன் தோணியையும் இழந்தவள். முகாமில் இருந்தபோது, உடைந்த படகுகளைத் திருத்தும் பட்டறைக்கு ஆள் கேட்டார்கள். பெண்களுக்கு பைபர் பாய் வெட்டும் வேலைதான் கொடுத்தார்கள். அவள் வெட்டிக்கொண்டே, பாயை ஒட்டும் றெசின் பசை கலப்பதைப் பார்த்தாள். மூன்றாம் மாதம் தானே கலந்தாள். சண்டை வந்து பட்டறை மூடும்வரை நூற்று முப்பத்தேழு படகுகளில் அவள் கை பட்டிருந்தது.

கரையில் ஏற்றி வைத்த போட்டில் அவள் ஏறியதும், அதை ஓட்டும் கனகசிங்கம் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்.

"பம்பர் ஒட்டுற புள்ளையையா கூட்டி வந்தீங்க?"

சுலோஜனா சுத்தியலை எடுத்தாள். அதன் பிடியால் மேல்தட்டைத் தட்டிக்கொண்டே போனாள். நடுவில் கணீரென்று கேட்ட சத்தம், பின்பக்க ஓட்டைகள் இரண்டுக்கும் கிட்டப் போனதும் பொத்தென்று அமுங்கியது. அந்த இடங்களைப் பென்சிலால் வளைத்தாள். ஓட்டை இரண்டு விரல் அகலம். அவள் கீறிய வட்டம் ஒரு முழம்.

"இவ்வளவையும் வெட்டணும்."

கனகசிங்கம் பதறினார். "ஒழுக்கை அடைக்கக் கூப்பிட்டா, நல்ல தட்டையல்லவா வெட்டப் போறா!"

"நல்ல தட்டில்ல, அண்ணன். மேல பைபர், கீழ பைபர், நடுவுல பலகை. ஓட்டை போட்டவங்க பலகையின்ட விளிம்பை மூடாம விட்டுட்டாங்க. ஓட்டைக்குள்ள இருக்கிற குழாயைச் சுத்தி வெடிச்சதும் பலகை தண்ணியைக் குடிச்சிருக்கு. மேல பசை அப்பினா உள்ளுக்கு ஊறினது எங்க போகும்?"

கிறைண்டர் தட்டை அறுத்தது. மேலோட்டைத் தூக்கியதும் புளித்த நாற்றம் வந்தது. உள்ளே பலகை கறுத்து, குடித்து முடித்த தேயிலைச் சக்கை போலக் கையோடு வந்தது. கனகசிங்கம் ஒரு பிடியை அள்ளிப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு முடிச்சிரலாமா, தங்கச்சி?" என்று முதலாளி கேட்டார்.

"ஈரத்துக்கு மேல பைபர் ஒட்டாது, முதலாளி. ஆறு நாள் வெயில்ல காயணும். அவசரமெண்டா வேற ஆளைப் பாருங்க."

முதலாளி காத்திருந்தார்.

ஏழாம் நாள் சுலோஜனா புதுப் பலகை வைத்தாள். குழாய் வரும் இடத்தில் பலகையே இல்லாமல் றெசினும் பைபர்த் தூளும் குழைத்து நிரப்பினாள். அது இறுகியபின் அதன் நடுவில் துளைத்துக் குழாயைப் பொருத்தி, மேலும் கீழும் பைபர் பாய் ஒட்டினாள். இனித் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகையைத் தொட முடியாது.

இரண்டு நாள் கழித்துச் சோதனை. குழாய்களின் வெளிவாயை அடைத்துவிட்டு, தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினார்கள். சுலோஜனாவும் கனகசிங்கமும் கையில் ரோச் லைட்டோடு இருட்டு மீன் அறைக்குள் இறங்கினார்கள். ஒரு மணி நேரம் போனது.

"ஒரு சொட்டும் இல்ல, புள்ள!" என்று சொல்லிவிட்டுக் கனகசிங்கம் மேலே ஏறினார். முதலாளி அல்ஹம்துலில்லாஹ் என்றது கீழேயும் கேட்டது.

சுலோஜனா ஏறவில்லை. இன்னும் அரை மணி நேரம் குந்தியிருந்தாள். வலப்பக்கக் குழாயின் அடியில் ஊசி முனையளவு பளபளப்பு. அது மெல்லத் திரண்டு, ஒரு துளியாகி விழுந்தது. அவளுக்குக் காரணம் உடனே புரிந்தது. நிரப்பிய அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால், சீக்கிரம் இறுகட்டும் என்று அந்தப் பக்கத்துக்கு, றெசினை இறுக்கும் மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தாள். றெசின் சூடேறி, மயிரிழையாக வெடித்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்தாலும் பழைய போட்டைத்தான் குறை சொல்வார்கள்.

மேலே வந்தாள்.

"வலப்பக்கம் கசியுது. என்ட பிழைதான். நாளைக்குத் திரும்ப வெட்டுறன்."

கனகசிங்கம் நம்பவில்லை. தானே இறங்கித் தேடினார். வெளியே வர வெகு நேரமானது.

"எனக்கெண்டா கண்ணிலயே பட்டிருக்காது," என்றார். மறுநாள் காலை அவள் அந்த இடத்தை வெட்டி, ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, குறைந்த மருந்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பியபோது, வெயில் படாமல் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

இரண்டாவது சோதனையில் மூன்று மணி நேரம் பார்த்தும் துளி இல்லை. ஆனாலும் அவள், "கடல்ல பாக்கணும். நானும் வாறன்," என்றாள்.

முதலாளி தயங்கினார். பெண்கள் போட்டில் கடலுக்குப் போகிற வழக்கம் அந்தத் துறையில் இல்லை. கனகசிங்கம்தான் கையை நீட்டி அவளை ஏற்றினார்.

முகத்துவாரம் தாண்டியதும் முதல் அலை முன்பக்கத்தில் மோதி, தட்டு முழுக்கச் சரிந்து வந்தது. சுனாமிக்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்ததில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் பின்மூலைகளுக்கு ஓடி, சுழன்று, இரண்டு குழாய்களாலும் கொப்பளித்து வெளியே பாய்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கம்பியில் அவள் பிடி தளர்ந்தது. இன்னொரு அலை வராதா என்றிருந்தது. வந்தது. ஏழெட்டு வந்தன.

கனகசிங்கம் மூடியைத் திறந்து அவளையே இறங்கச் சொன்னார். அவள் குழாய்களுக்குக் கீழே, மூலைகளில், கசிவு தெரியட்டும் என்று முன்பே விரித்திருந்த கடதாசியில் தடவிப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தன.

"என்னகா, ஒழுகுதா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"வந்து பாருங்க, அண்ணன்," என்றாள். அவள் குரல் மீன் அறை முழுக்க ஒலித்தது.

திரும்பித் துறைக்குள் நுழைந்தபோது, அடுத்த போட்டிலிருந்து ஒருவர் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். கனகசிங்கம் இஞ்சினை அணைத்துவிட்டு, துறை முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"சுலோஜனா செய்த வேலையைக் கடலுக்குக் காட்டிட்டு வாறம்!"

அவள் தலை குனியவில்லை. ஈரச் சட்டையோடு, உப்புப் பூத்த முகத்தோடு, தட்டின் நடுவில் நிமிர்ந்து நின்றாள்.