பாயில் உட்கார்ந்த அத்தை

ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்றியபின் வலி போய்விட்டது. மசாக்கா சந்தைக்கு நடந்தே போய் வருகிறேன். ஆனால் மண்டியிடக் கூடாது, கால்களை ஒரு பக்கமாக மடித்துப் பாயில் உட்காரவே கூடாது, மீறினால் மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் மண்டியிடாத பெண்பிள்ளையை யார் மதிப்பார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரியுமா?

இழவு வீட்டில் பெண்களெல்லாம் பாயில் இருக்க, நான் மட்டும் ஆண்களோடு நாற்காலியில். கொழுந்தன் என்னைப் பார்த்து "வாங்க ஐயா" என்றான். அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது என் தம்பி கசுலேயின் மகள் நசிவாவைப் பெண் கேட்டு வருகிறார்கள். தாயில்லாத அவளை வளர்த்தவள் நான். வந்த கூட்டத்தில் மாப்பிள்ளை யாரென்று காட்டி, அவன் சட்டையில் பூக்குத்தி, வந்த பெரியவர்கள் முன் மண்டியிடுவது அப்பாவோடு பிறந்த அத்தையின் வேலை. கசுலே அதை எங்கள் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். நான் நின்றுகொண்டே வணக்கம் சொன்னால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்களாம்.

"நீ உள்ள இருந்து மட்டோக்கே வாழைக்காய் வெந்துச்சான்னு பாத்துக்க அக்கா. அது போதும்."

"அவளுக்கு ஊட்டி வளத்தது இந்தக் கை. நான்தான் வருவேன். மண்டியும் போடுவேன்."

வேண்டாம் அத்தை என்று நசிவா கெஞ்சினாள். நான் காதில் வாங்கவில்லை. இதையும் விட்டுக்கொடுத்துவிட்டு எதற்காக உயிரோடு இருக்கவேண்டும்?

அன்று புது கோமெசி அங்கி உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளைக்குப் பூக்குத்தினேன். பெரியவர்கள் முன் மண்டியிட்டேன். பாயில் கால்களை ஒரு பக்கமாக மடித்தபோது உள்ளே ஏதோ கழன்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தினால் என் பிள்ளையின் நாள் பாழாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர்கள் சாப்பிட்டார்கள், ஆடினார்கள். விடைபெற வந்த ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னேன். இவ்வளவு பணிவான அத்தையை எங்குமே பார்த்ததில்லை என்று மாப்பிள்ளையின் பெரியப்பா மெச்சினார்.

கடைசி வண்டியும் போனபிறகு கசுலே முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"பாத்தியாக்கா, எம்மாம் நேரம் உக்காந்திருக்க. அந்த டாக்டரு சும்மா பயங்காட்டியிருக்கான். இனிமே உனக்கு நாற்காலியே வேணாம்."

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துத் தூக்கினான். அப்போதுதான் கத்தினேன்.