கசப்புத் தண்ணீருக்குப் பங்காளிகள்

விஜயகுமார் சிரிக்கும்போதெல்லாம் சகாயமேரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே சிரிப்பை நல்ல மனுஷனின் சிரிப்பு என்று நம்பித் தொலைத்தவளும் அவள்தான். அதை நினைத்தால் குமட்டல் இன்னும் கூடியது.

2006 பிப்ரவரியில் வந்தான் அந்த மகராசன். சென்னையில் ஏதோ எனர்ஜி கம்பெனியாம். காலில் போட்ட வெள்ளை ஷூவோடு உப்பள வரப்பில் தத்தித் தத்தி நடந்தான். மரக்காணத்துப் பெண்கள் நாற்பது பேர் சங்கமாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த பாத்திகள் அவை. பத்தாவது வரை படித்தவள் என்பதால் சகாயமேரியைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

"சூரியன் எப்படி எரியுதோ, அதே மாதிரி கரண்டு தயார் பண்ணப் போறோம்மா. போன டிசம்பர்ல நம்ம இந்தியாவே வெளிநாட்டுக்காரங்களோட இந்த வேலையில சேந்துடுச்சி. எங்களுக்கு ஃபாரின் பார்ட்னர் வர்றாங்க. உள்ளூர் பார்ட்னர் நீங்கதான்."

"பார்ட்னர்னா பங்காளிதானே?" என்றாள் அமராவதி, சங்கத்திலேயே வாய்த்துடுக்கானவள். "எங்கூட்டுப் பங்காளிங்களப் பத்து வருஷமா திண்டிவனம் கோர்ட்டுலதான் பாத்துக்கினு இருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி இரண்டு தாளை நீட்டினான். சகாயமேரி சத்தமாகப் படித்தாள். 'இணைவு மின்சாரம் வணிக நிலையை எட்டும் நாளில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் முன்னுரிமை பெறுவர்.' உப்பங்கழியிலிருந்து தண்ணீர் இறைக்க ஆயில் இன்ஜினோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 'மின் இணைப்பு வேண்டி' என்று ஆறு வருஷமாக மனு எழுதியே தேய்ந்த கை அவளுடையது. 'இணைவு' அவள் கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்?

"கரண்டு கனெக்‌ஷன் குடுக்கறாங்கடி! நமக்குத்தான் மொதல்ல!" என்று கத்தினாள். அவள் கையெழுத்துப் போட, மற்றவர்கள் வரிசையில் வந்து கைநாட்டு வைத்தார்கள். விஜயகுமார் பக்கத்திலேயேதான் நின்றான். அவள் சொன்னது அவன் காதில் விழாமல் இல்லை.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடிக்கக் கூடாது. அதில்தான் அந்தக் கரண்டு தயாரிக்க வேண்டிய லித்தியம் என்று ஒன்று இருக்கிறதாம், பத்து நாளில் பார்ட்னர்கள் வந்து பார்க்கிறவரை தேக்கி வைக்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவை வாரியதும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த உப்பு கெட்டுப்போகும் என்பது உப்பளத்தில் இறங்கும் எவளுக்கும் தெரியும். சகாயமேரிக்கும் தெரியும். பத்து நாள்தானே, கனெக்‌ஷன் வருகிறதே என்று தலையாட்டிவிட்டாள்.

பத்து நாள் இருபதாகி, ஒரு மாதமாகி, இரண்டு மாதமும் ஆனது. சித்திரை வெயில் கொளுத்தியது. உப்பு விளையும் காலமே அதுதான். விளைந்த உப்போ ஈரம் விடாமல் நசநசவென்று கிடந்தது. லாரியோடு வந்த வியாபாரி கண்ணாயிரம் ஒரு கல்லை நாக்கில் வைத்ததும் தூவென்று துப்பினான்.

"இன்னாம்மா இது, பேதி மருந்தா? இத எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டு வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனான்.

சகாயமேரி எஸ்டிடி பூத்துக்கு ஓடினாள். "பார்ட்னர்ஷிப்னா பொறுமை வேணும்மா" என்றான் விஜயகுமார். போனுக்குள்ளும் அந்தச் சிரிப்பு கேட்டது, பாழாய்ப்போன சிரிப்பு.

மே மாதக் கடைசியில் ஒருவழியாகப் பார்ட்னர்கள் வந்தார்கள். மூன்று மாதமாகத் தண்ணீர் வடியாததால் காய்ந்து கிடந்த வடிகால் வாய்க்காலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பரப்பி, சூரியன் படம் போட்ட பேனர் கட்டியிருந்தான் விஜயகுமார். பெண்களுக்கு ஒரே மாதிரி மஞ்சள் சேலை கொடுத்து, கசப்புத் தண்ணீருக்குள் நிற்கவைத்தான். காலெல்லாம் புண்ணாகி எரிந்தது. "சிரிங்கம்மா, சிரிங்க" என்றான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது சகாயமேரிக்கு.

வெளிநாட்டுக்காரர் வயதானவர். பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். கூட வந்த மொழிபெயர்ப்புக்காரப் பெண் பிரியதர்ஷினியிடம் சகாயமேரி, "கனெக்‌ஷன் எப்ப வரும்னு கேளும்மா" என்றாள்.

அந்தப் பெண் கேட்டாள். அவர் முழித்தார். இருவரும் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

"இணைவுன்னா லைன் இழுக்கறது இல்லம்மா. ரெண்டு அணு ஒண்ணா சேர்றது. அது வித்துச் சம்பாதிக்கிற கரண்டா ஆக இன்னும் முப்பது வருஷமாச்சும் ஆவும்னு சொல்றாரு." பிரியதர்ஷினி தயங்கினாள். "அப்புறம், இவ்ளோ தண்ணிய ஏன் தேக்கி வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாரு. டெஸ்டுக்கு ஒரு பாட்டில் போதுமாமே."

ஒரு பாட்டில்! சகாயமேரி விஜயகுமாரைப் பார்த்தாள். அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "கோவப்படாதீங்கம்மா. தண்ணி நெறைய தெரிஞ்சாதான் போட்டோல எடுப்பா இருக்கும். நாலு பார்ட்னர் பணம் போடுவான்."

அவள் தூவென்று அவன் காலடியில் துப்பினாள். வரப்பில் கிடந்த மம்முட்டியை எடுத்து, வடிகால் பக்கத்து மடையை ஓங்கி ஒரே வெட்டாக வெட்டினாள். கசப்புத் தண்ணீர் பந்தலுக்குள் பாய்ந்தது. நாற்காலிகள் மிதந்தன, கேமராக்காரன் அலறியடித்து மேலே ஏறினான்.

"ஐயோ, இன்னாம்மா பண்றீங்க? நீங்க எங்க பார்ட்னர்!"

"பங்குதானடா? இந்தா, ஒன் பங்கு. நல்லா வாரிக்கினு போ!"

கார்கள் கிளம்பிப் போயின. பெண்கள் ஆளுக்கொரு மடையை வெட்ட ஆரம்பித்தார்கள். அமராவதி மட்டும் அவளிடம் வந்து நின்றாள்.

"அப்ப கனெக்‌ஷன் வராதா மேரி?"

"வராதுடி. நான்தான் தப்பா படிச்சிட்டேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் படிச்சப்ப பக்கத்துலதான் நின்னான்."

அமராவதி வாரிக் குவித்துவைத்த கெட்ட உப்பைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். எந்தப் பேச்சிலும் ஒரு கேலி வைத்துப் பேசுகிறவள் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை.

"அவன் பொழப்பு அது, உடு. எங்களுக்கு எழுத்து தெரியாதுன்னுதான ஒன்ன உக்கார வெச்சோம். இன்னொரு தபா படிச்சிருக்கக் கூடாதாடி?"