தண்ணீர் இல்லாத தொட்டி

கணவரின் மூச்சு நின்றது ஆறரைக்கா, ஏழுக்கா என்று அவளுக்கு இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. டாக்டர் கேட்டபோது ஆறே முக்கால் என்றாள். காகிதத்தில் அதுவே ஏறிவிட்டது. ஆனால் தங்கை செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலைக் கையில் எடுத்தது எட்டு பத்துக்கு. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒருவேளை, நினைத்து நினைத்து அவளாகவே வைத்துக்கொண்ட நேரமாகவும் இருக்கலாம்.

தங்கை வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டிலருகே நின்று அத்தானின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கண்ணைத் துடைத்த அதே கையால், கட்டிலை ஒட்டியிருந்த கண்ணாடித் தொட்டியின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கி, உள்ளே புஸ் புஸ்ஸென்று அடிக்க ஆரம்பித்தாள்.

“சாவு வீட்ல செடிக்குத் தண்ணி ஒரு கேடா?” என்றாள் நாத்தனார். இறந்தவர் அவளுடைய ஒரே தம்பி.

“விடுங்க அண்ணி. அதெல்லாம் அவ டிபார்ட்மெண்ட். நாம தலையிடக் கூடாது.” தங்கைக்குக் கேட்கட்டும் என்றுதான் அக்கா சொன்னாள்.

தங்கை அடித்து முடித்து, தாளை இழுத்து மூடி, நான்கு மூலைகளையும் விரலால் அழுத்தினாள்.

தொட்டியில் தண்ணீர் கிடையாது. கறுப்பு மண்ணும், அதில் தலைமயிர் கனத்தில் பச்சைப் புல்லும் மட்டும். பன்னிரண்டு வருடம் அது சாதாரண மீன் தொட்டியாகத்தான் இருந்தது. எதைப் போட்டாலும் வளர்கிற இரண்டு செடிகள், ஒரு சின்ன விளக்கு. நோய் இன்னதென்று தெரிந்த வாரமே அவர் அதைக் கலைத்தார். மீன்களைப் பால்கனியில் ஒரு டப்பில் விட்டார். கூழாங்கற்களை அள்ளிவிட்டுச் செடிக்கென்று விற்கிற மண்ணைக் கொட்டினார். வெயில் மாதிரி எரிகிற விளக்கு வந்தது. பிறகு தண்ணீருக்குள் கரியமில வாயு விடுவதற்கு ஒரு சிலிண்டர்.

“இப்ப என்ன அவசரம் இதுக்கு?” என்று கேட்டாள்.

“இப்ப விட்டா எப்ப?” என்றார்.

பல் செட் செய்கிற லேபில் வேலை பார்த்த கை. இடுக்கியால் ஒவ்வொரு கொத்தாகப் புல்லை நட்டார். ஆறு வாரம் தண்ணீர் நிரப்பக் கூடாது. மண் ஈரமாக இருந்தால் போதும். வேர் பிடித்த பிறகுதான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதக்கும் என்றார். ஐந்தாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கட்டிலை ஹாலுக்கு, தொட்டியின் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

“நான் அடிக்கிறேனே” என்றாள் அவள்.

“வேண்டாம். உன் தங்கச்சி வேலைக்கு மெடிக்கல் ஷாப்புக்குப் போற வழிதானே? வந்து அடிச்சிட்டுப் போவா.”

மருந்து கொடுத்தது அவள். துணி மாற்றியது, முதுகுப் புண்ணைத் துடைத்தது, வாந்திக்குப் பாத்திரம் பிடித்தது எல்லாம் அவள்தான். பாட்டில் மட்டும் தங்கை கையில். பல வருடங்களுக்கு முன்பு அவள் ஒருமுறை அந்தத் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் பதினோரு மீன்கள் செத்துப்போயின. அவர் திட்டவில்லை. “பரவால்ல, விடு” என்றார். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

தினமும் தங்கை வந்ததும் அவள் சமையலறையில் குழாயை மூடிவிட்டு நின்று கேட்பாள். ஒன்றும் கேட்காது. அவ்வளவு தாழ்ந்த குரலில் இரண்டு பேருக்கும் என்ன பேச்சு? டீயைச் சாக்காக வைத்து உள்ளே நுழைந்தால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவள்தான் வீடு மாறி வந்துவிட்டாள் என்பதுபோல.

பதினொரு மணிக்கு லேபிலிருந்து நண்பர் வந்தார். கடவாய் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். உடலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். “ஆயுசு பூரா பல்லு நட்டான். கடைசியில புல்லு நட்டுட்டுப் போயிட்டான் பாவி” என்று சிரிக்கப்போய் அழுதுவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

“நீங்கதானேம்மா தினம் செடிக்குத் தண்ணி அடிக்கிறது? போன்ல சொல்லிட்டே இருப்பான். ‘நானே அடிச்சாக்கூட இவ்வளவு பதமா வராதுடா’ன்னு.”

மூன்றடி தள்ளி, டீ தட்டுடன் தங்கை நின்றிருந்தாள்.

“ஆமா” என்றாள் அவள். “நான்தான்.”

தங்கை கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு தட்டை அவர் முன்னால் நீட்டி, “டீ எடுத்துக்குங்க” என்றாள்.

நாலு மணிக்கு வண்டி வந்து உடலை எடுத்துப்போனது. இருட்டுவதற்கு முன்பே வீடு காலியாகிவிட்டது. நாத்தனார் உள்ளறையில் படுத்திருந்தாள். அக்காவும் தங்கையும் டம்ளர் கழுவினார்கள்.

“ஏண்டி, தினமும் வருவியே. அப்படி என்னதான் பேசிப்பீங்க ரெண்டு பேரும்?”

“யாரு?”

“யாரா! நீயும் உங்க அத்தானும்தான்.”

தங்கை ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “ஒண்ணும் பேசமாட்டோம்கா.”

“எங்கிட்டயே பொய் சொல்லாத.”

“சத்தியமாக்கா. நான் அடிப்பேன், அவர் பார்த்துட்டே இருப்பார். முடிச்சப்புறம் நானும் கொஞ்ச நேரம் உக்காந்து பார்ப்பேன். அவ்வளவுதான். கிளம்பிடுவேன்.”

“நீ இருக்கற பத்து நிமிஷமும் பேசாமயா?”

“ம்.”

அக்கா தன் கையிலிருந்த டம்ளரை மறுபடியும் கழுவினாள். அவளிடம் அவர் சும்மா இருந்ததே இல்லை. ஜன்னலைச் சாத்து, இங்கே வலிக்கிறது, யார் போனில் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அவளும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். இருபத்தாறு வருடத்தில் இருவரும் வாயைத் திறக்காமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாள் என்று ஒன்றைக்கூட அவளால் தேடி எடுக்க முடியவில்லை. அவரும் தங்கையும் பேசியிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம்.

கிளம்பும்போது தங்கை சொன்னாள், “இன்னும் மூணு வாரம் இருக்குக்கா. நாளைக்கு வரேன்.”

“நீ வர வேண்டாம். நான் பாத்துக்கறேன். நான்தானே அடிக்கிறேன்.”

செருப்புக்குள் காலை நுழைத்தபடி தங்கை நின்றாள். “ஓரத்துல மட்டும் அடிக்கா” என்றாள். “நடுவுல குட்டை கட்டக் கூடாது.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் பிளாஸ்டிக் தாளை உரித்தாள். நாலு வாளி தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் வாளியை உள்ளங்கையில் விட்டு மெதுவாக வழியவிட்டாள். இரண்டாவதை அப்படியே சாய்த்தாள். மண் குழிந்து கலங்கியது. ஒரு கொத்து மேலே வந்தது; பிறகு ஒன்று; பிறகு கணக்கில்லாமல். விரற்கடைகூட வளராத வெள்ளை வேர்கள் தொங்கத் தொங்கப் புல் மிதந்து கண்ணாடி ஓரமாக ஒதுங்கியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் ஆகிவிட்டதென்று கடிகாரத்தைப் பார்த்தபோது மூன்று நிமிடம்தான் போயிருந்தது.

மீன்களை அந்தத் தண்ணீரிலேயே விட்டாள். இரண்டு வருடம் இருந்தன. விளக்கையும் சிலிண்டரையும் கடவாயிடம் கொடுத்துவிட்டாள். நாத்தனார் தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். தங்கைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். ஹாலில் உட்காருவதில்லை. நேரே சமையலறைக்குப் போய், நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறாள்.