அடுக்களைக்கு ஏறிய தண்ணீர்

1974 மார்ச் மூன்றாம் வாரத்தில் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றின் குழாய்த் தண்ணீர் முழுவதும் மேடேறி சுயம்புலிங்கத்தின் அடுக்களைக்குப் போகத் தொடங்கியது. அவன் மனைவி முத்துலட்சுமி இறந்து அன்றோடு நாற்பது நாள். தண்ணீர் தரையில் இறங்கி, சன்னலோரம் இருந்த அவளுடைய டிரங்குப் பெட்டியைச் சுற்றிச் சுழன்றது. அவன் வியக்கவில்லை. விண்மீன் திரள்கள் உருவாவதைக் கணக்கிடுவதுதான் அடையாற்று ஆய்வு நிறுவனத்தில் அவன் வேலை. பரவிக் கிடக்கும் வாயுவில் ஓரிடம் கடுகளவு கனத்தால் போதும், அண்டையில் இருப்பதை இழுக்கும், இழுத்ததால் மேலும் கனக்கும், மேலும் இழுக்கும். பாய்வதில் வாயுவும் தண்ணீரும் ஒரே சாதி.

மற்ற வீடுகளில் குழாய்கள் காய்ந்தன. சாவு வீட்டுத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று யாரும் உள்ளே வரவில்லை. வாசலில் காலிக் குடங்கள் நின்றன.

“நைனா, செத்தவங்க துணிய யார்னா கைல குட்த்துடு. அவங்கதான் புட்ச்சி வெச்சிக்கினு கீறாங்க,” என்றான் எதிர்வீட்டு வடிவேலு.

பெட்டியில் பன்னிரண்டு சேலைகள். ஆறைக் கொடுத்தால் இழுப்பு பாதியாகும் என்று சுயம்புலிங்கம் கணக்குப் போட்டான். சுமங்கலியாகப் போனவளின் சேலை என்று பெண்கள் விரும்பியே வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அடுத்த தெருத் தண்ணீரும் வந்துவிட்டது. திரளத் தொடங்கிய பிறகு பாதிக்குப் பாதி என்ற கணக்கு செல்லாது. இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். மீதி ஆறையும் பெட்டியையும் கொடுத்தான். அவளுடையது என்று இனி எதுவும் வீட்டில் இல்லை. தண்ணீர் வெறும் தரையைச் சுற்றிச் சுழன்றது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே சந்தில் நஸ்ருன்னிசாவின் மருமகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள். நஸ்ருன்னிசாதான் முதலில் படியேறினாள். “இன்னா சார் பண்றது, கொயந்தய குளுப்பாட்ட சொம்புத் தண்ணி இல்ல,” என்றாள். பிறகு வெறும் தரையைப் பார்த்து, “அக்கா, ரெண்டு கொடம் எடுத்துக்கறேன்,” என்றாள். தண்ணீர் அவள் குடத்துக்கு விலகிக் கொடுத்தது.

அதன்பின் தினமும் காலை ஐந்து மணிக்கு அவன் கதவைத் திறந்துவைத்தான். இரண்டு தெருக்களும் அக்காவிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போயின. 1977இல் மாநகராட்சி ஆள் வந்து பார்த்து, தெருக்குழாய் இருக்குமிடம் சுயம்புலிங்கத்தின் அடுக்களை என்று எழுதிக்கொண்டு போனார். அவ்வருடத்திலிருந்து, வேலைக்குப் போகும் காலைப் பேருந்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அவன் உடல் மயிலாப்பூர்ப் பக்கம் சாய்ந்தது. வழக்கமாக வருகிறவர்கள் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள்.